சத்தம் போடாத விரிசல்

நமுத்துப்போன முறுக்கு சத்தம் போடாது. புதிதாய்ச் சுட்ட முறுக்கைக் கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். மாவும் அதேதான், எண்ணெயும் அதேதான். ஈரம் ஏறியதும் அது வளைந்து, இழுபட்டு, மெல்லப் பிரிகிறது. காய்ந்திருக்கும்போது வளையத் தெரியாது, உள்ளே தேக்கி வைத்த விசை முழுவதையும் ஒரே நொடியில் விட்டுவிட்டு உடைகிறது. அப்படி விடுபட்ட விசையில் ஒரு சிறு பங்குதான் நம் காதுக்கு ‘மொறுக்’ என்று வருகிறது. பல் போன பிறகு இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது!

வளையாமல் உடைகிற பொருள்கள் எல்லாமே இப்படித்தான். கண்ணாடி, பீங்கான், கருங்கல், செங்கல், கான்கிரீட். உடைவதற்கு முன்னும் அவை சும்மா இருப்பதில்லை. பெரிய விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே உள்ளே மயிரிழைக் கீறல்கள் தோன்றுகின்றன. ஒவ்வொரு கீறலும் ஒரு துளி நீளும்போது ஒரு சிறு அதிர்வு கிளம்பி, குளத்தில் கல் போட்டதுபோல் அந்தப் பொருள் முழுக்கப் பரவுகிறது. இதற்குப் பொறியியலில் ஒலி உமிழ்வு என்று பெயர். ஆலையில் நாங்கள் ‘அக்கூஸ்டிக் எமிஷன்’ என்றோ, சுருக்கமாக ‘ஏ.ஈ.’ என்றோதான் சொல்வோம். இந்த அதிர்வின் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாது. மனிதக் காதின் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வு. உலோகத்தில் நாங்கள் கேட்டதெல்லாம் ஒரு லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி. பாறையிலும் கான்கிரீட்டிலும் அதைவிடத் தாழ்ந்த ஒலியும் வரும், சில நேரம் வெறும் காதிலேயே விழும்.

சந்தையில் பானையை விரலால் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதுதானே இது என்று சிலர் கேட்கலாம். இல்லை. தட்டும்போது சத்தம் நம்முடையது, பானை எதிரொலி கொடுக்கிறது, அவ்வளவுதான். ஏ.ஈ.யில் நாம் தட்டுவதே இல்லை. சுமையை ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், பொருளே பேச வேண்டும். எக்ஸ்-ரே, அல்ட்ராசானிக் எல்லாம் விரிசல் எங்கே இருக்கிறது என்று காட்டும். அது இன்றைக்கு வளர்கிறதா, பத்து வருடமாக அப்படியே கிடக்கிறதா என்று சொல்லாது. ஏ.ஈ. நேர் எதிர். கிடக்கிற விரிசலைப்பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, வளர்கிற விரிசல் மட்டுமே அதற்குக் கேட்கும். நான் ஏன் இந்த வயதில் இதைப்பற்றி எழுதுகிறேன் என்பதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இதை முதலில் காதால் கேட்டவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, சுரங்கத்தில் இறங்கியவர்கள். என் பெரியப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். வட ஆற்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போன இடம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் கனம் முழுக்கப் பக்கச் சுவர்களில் இறங்குகிறது. தங்கம் இருந்த பாறையை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கியதும் மிச்சம் இருக்கும் பாறை அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். தாங்க முடியாதபோது அது சரிவதில்லை, வெடிக்கிறது. ‘ராக் பர்ஸ்ட்’ என்பார்கள். பெரியதாக வெடித்தால் மேலே ஊரில் வீடுகள் ஆடும், பாத்திரம் உருளும், எந்தச் சுரங்கம், எந்த ஷிஃப்ட் என்று பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள் என்று பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பெரியப்பாவிடம் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒருமுறை கேட்டேன், “பாறை எப்ப வெடிக்கும்னு எப்படித் தெரியும் பெரியப்பா?”

“பாறையப் பாத்தா ஒண்ணும் தெரியாதுடா. கேக்கணும். நெல்லு பொரியற மாதிரி படபடன்னு பேசிக்கினே இருக்கும். பேசிக்கினு இருந்தது சட்டுனு வாய மூடிச்சுன்னா, அப்பத்தான் பயம்.”

சுரங்கத்தில் முட்டுக் கொடுக்க இரும்பைவிட மரத்தையே பழைய ஆட்கள் விரும்பியதற்கும் இதே காரணம். மரம் ஒடிவதற்கு முன் முனகும், ஓட நேரம் கிடைக்கும். ‘வாயை மூடினால் பயம்’ என்று அவர் சொன்னதைப் பின்னாளில் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. பெரிய உடைவுக்கு முன்னால் சிறு ஒலிகள் குறைந்து ஓர் அமைதி வருவதை ஆய்வாளர்களும் சில நேரங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லா நேரமும் வராது, அதை மட்டும் நம்பி ஆளை இறக்கவும் முடியாது. 1970களின் கடைசியில் தங்கவயலில் அதிர்வுமானிகள் அமைத்து எங்கே வெடித்தது என்று கணக்கிட ஆரம்பித்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தொடங்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மூடி, குழிகளில் தண்ணீர் ஏறிய பிறகும் கீழே பாறை பேசுவது நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் இதற்கும் பழகிக்கொண்டார்கள், தங்கம் இல்லாமல் பிழைக்கத்தான் பழக முடியவில்லை.

கருவி வைத்துக் கேட்ட கதையும் சுவையானதுதான். 1930களில் ஜப்பானில் கிஷினோயே என்பவர் மரப்பலகையை வளைத்து ஒடித்து, அதன் ஒலியைக் கிராமபோன் ஊசியை வைத்துப் பதிவு செய்தார். நம் வீட்டுக் கிராமபோனில் பாட்டு கேட்ட அதே ஊசி! அதே பத்தாண்டின் இறுதியில் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த ஓபர்ட் என்பவர் பாறைத் தூண் வழியாக ஒலி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கப் போனார். கருவியில் வேண்டாத சத்தங்கள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன. பாறையே பேசுகிறது என்று பிறகுதான் புரிந்தது.

1950இல் மியூனிக்கில் ஜோசப் கைசர் என்ற ஜெர்மானியர் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு விஷயத்தைக் கண்டார். ஒரு துண்டை இழுத்தால் சத்தம் போடுகிறது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தால் பேசுவதில்லை. முன்பு எந்த அளவு இழுத்தோமோ அந்த அளவைத் தாண்டிய பிறகே மீண்டும் வாய் திறக்கிறது. தான் பட்ட பாட்டை அது நினைவு வைத்திருக்கிறது என்று வையுங்கள். கைசர் விளைவு என்று இதற்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு தூண் அமைதியாக இருக்கிறது என்றால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ‘இதுவரை பார்க்காத சுமையை இன்றைக்கும் பார்க்கவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். “இருபது வருஷமா நிக்குது சார், ஒண்ணும் ஆகல” என்று நம் ஊரில் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரு நற்சான்றிதழ் கொடுப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கைசர் ஞாபகம்தான் வரும்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1970களில் கண்ணாடியிழைத் தொட்டிகளைச் சோதித்தபோது, சில தொட்டிகள் பழைய சுமையைத் தொடும் முன்பே பேச ஆரம்பித்தன. முன்பு 100 வரை தாங்கிய தொட்டி இப்போது 80இலேயே சத்தம் போட்டால், நடுவில் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. ஃபெலிசிட்டி விளைவு என்பார்கள். நல்ல பொருள் பழைய சுமை வரை மௌனம் காக்கும், கெட்டுப்போன பொருள் அவசரப்பட்டு உளறும். ஜப்பானில் கான்கிரீட்டுக்கு இதைவிட ஒரு படி மேலே போய்ச் சுமையை இறக்கும்போதும் கேட்கிறார்கள். மிகவும் சேதமான கான்கிரீட் இறக்கும்போதுகூடச் சத்தம் போடும், பழைய விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசுவதால்.

நான் பாய்லர் தயாரிக்கும் ஆலையில் சோதனைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். ஒரு கலனில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றுவோம். சுற்றிலும் ஆளை விலக்கிவிட்டு, மேலே ஒட்டிய சென்சார்கள் வழியாகக் கேட்போம். சென்சார் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக் கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறதே, உள்ளே இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு பீங்கான் துண்டு. அதே சங்கதிதான், மிக நுணுக்கமாகச் செய்யப்பட்டது. மூன்று நான்கு இடத்தில் ஒட்டிவிட்டால், எந்தச் சென்சாருக்கு ஒலி முதலில் வந்தது, எதற்கு எவ்வளவு தாமதம் என்பதை வைத்து விரிசலின் இடத்தைச் சொல்லிவிடலாம். எஃகில் ஒலி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஐந்து மீட்டருக்கு மேல் போய்விடும், ஆகவே கடிகாரம் சுத்தமாக இருக்க வேண்டும்.

சென்சார் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க என்ன செய்வோம் தெரியுமா? மைக்ரோடிப் பென்சிலை எடுத்து, 0.5 மில்லிமீட்டர் லெட்டை மூன்று மில்லிமீட்டர் நீட்டி, உலோகத்தின் மேல் சாய்த்து அழுத்தி ஒடிப்போம். உலகம் முழுக்க அதுதான் முறை. ஒடிகிற பென்சில் லெட், விரிசலின் குரலைப் போலவே பேசும். கோடிக்கணக்கில் விலை பெறும் கலன், அதற்குப் பரீட்சை வைப்பது பத்து ரூபாய்ப் பென்சில். புதிதாய் வந்த டிரெய்னிகள் நான் விளையாடுகிறேன் என்று நினைப்பார்கள்.

கேட்பதில் தொல்லைகளும் உண்டு. மழைத்துளி விழுந்தால் சத்தம், போல்ட் உரசினால் சத்தம், துரு உதிர்ந்தால் சத்தம். மழை வந்தால் சோதனையை நிறுத்திவிடுவோம். எது விரிசல், எது வெறும் உரசல் என்று பிரிப்பதில்தான் ஒருவருக்குச் சம்பளமே. ஆகவே ‘சென்சாரை ஒட்டு, எல்லாம் தெரிந்துவிடும்’ என்று சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் கருவி விற்க வந்தவர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஒரு ஓவர்ஹெட் டேங்க் இருக்கிறது. ஒரு லட்சம் லிட்டர். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் என்றால் 100 டன். ஆறு கால்களில் நிற்கிறது. தண்ணீர் பாரம் மட்டும் காலுக்குப் பதினாறு, பதினேழு டன், தொட்டியின் சொந்தக் கனம் தனி. கட்டி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கீழே நிழல் இருப்பதால் காலையில் கீரை விற்கிற அம்மா உட்கார்ந்திருப்பார், மாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இரண்டு கால்களில் கம்பியின் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. துருப்பிடித்த கம்பி பெருக்கும், பெருத்தால் மேல் பூச்சு கான்கிரீட்டைப் பிளக்கும். கொத்தனார் வந்து சிமென்ட் பூசினார். அதற்கு மேல் நீல நிற பெயின்ட், அதற்கு மேல் சுத்தம் செய்த தேதி. பரிசோதனைக்கு வந்தவர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். விரிசல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பெயின்ட் அடித்த இடத்தில் விரிசல் எப்படித் தெரியும்?

அந்த டேங்கின் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற தம்பியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிகாலை நாலு மணிக்கு ஊரே தூங்கும்போது அதன் கீழே நிற்கிற ஒரே ஆள் அவர்தான். நடைப்பயிற்சிக்குப் போனபோது நான் கேட்டேன்.

“சத்தம் ஏதாவது வருதா தம்பி?”

“வரும் சார். தொட்டி ரொம்பற நேரத்துல அந்த மூலைக் கால்ல டப் டப்னு ரெண்டு மூணு வாட்டி. முன்ன ரொம்பி வழியற நேரத்துலதான் வரும். இப்ப முக்காவாசிக்கே வருது.”

அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஃபெலிசிட்டி விளைவை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அவசரப்பட்டு நான் எதுவும் முடிவு கட்டவில்லை. குழாயில் தண்ணீர் முட்டினாலும் ‘டப்’ என்று வரும். வெயிலில் சூடேறிய குழாய் இரவில் குளிர்ந்து சுருங்கும்போதும் வரும். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு வெயில் இல்லை. குழாய்ச் சத்தம் என்றால் மோட்டார் போடும்போதோ நிறுத்தும்போதோ வரவேண்டும், தொட்டியின் மட்டத்தைப் பார்த்து வராது. தினமும் ஒரே உயரத்துக்கு நிரம்புகிற ஒரு தொட்டி, நன்றாக இருந்தால், கைசர் சொன்னபடி வாயையே திறக்கக் கூடாது. கான்கிரீட்டில் இந்த விதி எஃகு மாதிரி கச்சிதமாக நடக்காது என்பது உண்மை. அப்படியே வைத்துக்கொண்டாலும், முழுக்க நிரம்பினால் வந்த சத்தம் முக்காலுக்கு இறங்கி வந்தது ஏன் என்ற கேள்வி நிற்கிறது.

என் கருத்து இதுதான். பழைய பொதுக் கட்டடங்களைக் கண்ணால் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் போதாது. எல்லாக் கட்டடத்துக்கும் ஏ.ஈ. வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடக் கூரையில் சுமை ஏற்றி இறக்கிச் சோதிப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி அப்படி இல்லை, ஒரு வால்வைத் திருப்பினால் 100 டன் ஏறும், இன்னொன்றைத் திருப்பினால் இறங்கும். இவ்வளவு சுலபமாகச் சுமையை மாற்றக்கூடிய கட்டுமானம் வேறு எது இருக்கிறது? முதலில் பெயின்டைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கம்பியின் துருவைச் சோதியுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் கால்களில் சென்சாரை ஒட்டி ஒரு இரவு நிரப்பி இறக்கிக் கேளுங்கள். இது தெரிந்தவர்கள் வெளிநாட்டில் இல்லை. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ராக்கெட் மோட்டார் உறைகளையே இந்த முறையில் சோதிக்கிற நாடு இது. நம் தெருத் தொட்டிக்கு மட்டும் நீலப் பெயின்ட் போதுமா?

இன்னொரு கருத்தும் உண்டு, இதற்குப் பைசா செலவில்லை. கட்டடத்தோடு இருக்கிற ஆளைக் கேளுங்கள். வாட்ச்மேன், மோட்டார் போடுகிறவர், பள்ளிக்கூட ஆயா. பரிசோதனைப் படிவத்தில் அளவு, வருடம், பெயின்ட் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, ‘இங்கே வேலை செய்கிறவர் என்ன கேட்டார்’ என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. சொல்லப் போனவரை ‘பேய்க்கதை’ என்று சிரித்து அனுப்பிவிட்டதாக அந்தத் தம்பி சொன்னார். தங்கவயலில் பெரியப்பா சொன்னதைக் கேட்டுச் சிரித்த மேஸ்திரி யாரும் இருந்திருக்க மாட்டார், ஏனென்றால் மேஸ்திரியும் அதே குழிக்குள்தான் நின்றார்.

நான் அந்தத் தம்பிக்கு ஒரு லாங்சைஸ் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, நேரம், தொட்டி மட்டம், எந்தக் கால், எத்தனை தடவை என்று கோடு போட்டுக் கொடுத்தேன். வால்வைத் திறந்து தண்ணீர் இறங்கும்போதும் கேட்கச் சொன்னேன். பதினெட்டு நாள் எழுதியிருக்கிறார், எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது. பதினொரு நாள் சத்தம், எல்லாம் வடகிழக்குக் கால், எல்லாம் முக்கால் மட்டத்தை ஒட்டி. அதில் மூன்று நாள் தண்ணீர் இறங்கும்போதும் வந்திருக்கிறது. இப்போது அவராகவே அரைத் தொட்டியோடு நிறுத்திவிடுகிறார். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அங்கிருக்கிற பெண்கள் குடத்தோடு வந்து அவரோடுதான் சண்டை போடுகிறார்கள். அவர் என்ன செய்வார் பாவம்.

நோட்டின் ஜெராக்ஸோடு இரண்டு மனு கொடுத்தாயிற்று, ரசீது மட்டும் வந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கடைசித் தெருவிலிருந்தும் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கீரைக்கார அம்மாவிடம், அதுவரை எதிர்வாடையில் வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். “அங்க வெயிலு வருமே சார்” என்கிறார்.